சொந்த மண்ணும் வெற்றி வாய்ப்பும்

உலகக் கோப்பைக் கால்பந்தாட்டப் போட்டியை ஒரு நாடு ஏற்று நடத்துகிறது என்றால், கோப்பையையும் அந்த நாடே வெல்லுமா என்னும் கேள்வி உடனே எழுந்துவிடுகிறது. தேநீர்க் கடையிலும் எழுகிறது. கல்லூரி விடுதியிலும் எழுகிறது. விடையும் அதே வேகத்தில் வருகிறது. “சொந்த மண் அல்லவா! வெல்லாமல் வேறென்ன செய்யும்?” என்பார் ஒருவர். “மண்ணா பந்தை உதைக்கிறது? ஆள் அல்லவோ உதைக்க வேண்டும்!” என்பார் மற்றொருவர். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆனால் எதில் எத்தனை பங்கு உண்மை என்று நிறுத்துப் பார்ப்பவர் சிலரே.

மாணவர்களே, அவ்வாறு நிறுத்துப் பார்க்கும் முயற்சியை இன்று நாம் மேற்கொள்வோம். அதற்கு நான் எடுத்துக்கொள்வது 2010-ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்கா நடத்திய போட்டி. முடிவு தெரிந்துவிட்ட போட்டியைப் பற்றி இப்போது என்ன ஆராய்ச்சி என்று நீங்கள் கேட்கலாம். விடைப் பகுதி கையில் இருக்கும்போதுதான் கணக்கைச் செய்யும் முறை சரிதானா என்று பார்க்க முடியும் என்பது, நெடுங்காலம் கரும்பலகை முன் நின்றவனின் எண்ணம். முதலில் 2010 ஜூன் மாதத்துக்கு முன் சென்று நிற்போம்; விடையைப் பிறகு திருப்பிப் பார்ப்போம்.

அப்போது பலரும் எடுத்துக்காட்டிய புள்ளிவிவரம் ஒன்று உண்டு. 1930 முதல் 2006 வரை 18 உலகக் கோப்பைப் போட்டிகள் நடந்தன. அவற்றுள் 6 போட்டிகளில், நடத்திய நாடே கோப்பையை வென்றது. 1930-இல் உருகுவே, 1934-இல் இத்தாலி, 1966-இல் இங்கிலாந்து, 1974-இல் மேற்கு ஜெர்மனி, 1978-இல் அர்ஜென்டினா, 1998-இல் பிரான்சு. மூன்றில் ஒரு பங்கு! அப்படியானால் தென்னாப்பிரிக்காவுக்கும் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்று சொல்லிவிடலாமா? கணக்கு சரிபோலத் தோன்றுகிறது. ஆனால் அதில் ஒரு பொத்தல் இருக்கிறது.

அந்த ஆறு நாடுகள் எத்தகையவை என்று பாருங்கள். உருகுவே 1924, 1928 ஆகிய இரு ஒலிம்பிக் போட்டிகளிலும் கால்பந்தாட்டத்தில் முதலிடம் பெற்றுவிட்டு, அதன் பிறகே தன் நாட்டில் முதல் உலகக் கோப்பையை நடத்தியது. மேற்கு ஜெர்மனி 1972-இல் ஐரோப்பிய வாகை சூடிவிட்டு, 1974-இல் உலக வாகை சூடியது. இங்கிலாந்து ஒன்றைத் தவிர, மற்ற ஐந்து நாடுகளும் பிறர் மண்ணிலும் உலகக் கோப்பையை வென்று காட்டியவை. அதாவது, அவை போட்டியை நடத்தியதனால் வலிமை பெற்ற நாடுகள் அல்ல. வலிமையுள்ள நாடுகள் போட்டியையும் நடத்தின. செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பலர் பட்டு உடுத்துகிறார்கள் என்பதனால், பட்டு உடுத்தியவன் செல்வனாகிவிடுவான் என்று சொல்லலாமோ?

வலிமையில் இடைத்தரமாக இருந்துகொண்டு போட்டியை நடத்திய நாடுகளைத் தனியே பிரித்துப் பார்த்தால்தான் தென்னாப்பிரிக்காவுக்கு ஏற்ற அளவுகோல் கிடைக்கும். 1954-இல் சுவிட்சர்லாந்து கால் இறுதிவரை சென்று, ஆஸ்திரியாவிடம் 7-5 என்ற விந்தையான கணக்கில் தோற்றது. 1958-இல் சுவீடன் இறுதி ஆட்டத்தையே எட்டிப் பிரேஸிலிடம் பணிந்தது. 1960-இல் கொடிய நிலநடுக்கத்தால் சிதைந்த சிலி நாடு, இரண்டே ஆண்டுகளில் போட்டியை நடத்தி மூன்றாம் இடமும் பெற்றது. மெக்ஸிகோ 1970, 1986 ஆகிய இரு முறையும் கால் இறுதி கண்டது. தென் கொரியா 2002-இல் அரை இறுதி கண்டது. இவற்றுள் எதுவும் கோப்பையை வெல்லவில்லை. ஆயினும் எதுவும் முதற் சுற்றிலேயே வெளியேறவும் இல்லை. 2006 வரை நடத்திய நாடு எதுவுமே முதற் சுற்றில் வீழ்ந்ததில்லை. எனவே, சொந்த மண் ஓர் அணியை ஒரு படி உயர்த்துகிறது, மாடிக்கே தூக்கிச் சென்றுவிடுவதில்லை என்று கொள்ளலாம்.

அந்த ஒரு படி எதனால் கிடைக்கிறது? பெரும்பாலோர் பார்வையாளரின் ஆரவாரத்தையே சொல்வார்கள். அதற்கு முன்பே, சந்தடியின்றிக் கிடைத்துவிடும் நன்மை ஒன்று இருக்கிறது. 2010-இல் 32 அணிகள் எட்டுப் பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டன. குலுக்கலின்போது, தரவரிசையில் உயர்ந்த ஏழு அணிகளோடு, நடத்தும் நாடும் முதல் வரிசையில் வைக்கப்பட்டது. அதனால் பிரேஸில், ஸ்பெயின், அர்ஜென்டினா, ஜெர்மனி, இத்தாலி, இங்கிலாந்து, நெதர்லாந்து ஆகிய ஏழனுள் ஒன்றையும் முதற் சுற்றில் தென்னாப்பிரிக்கா எதிர்கொள்ள வேண்டியதில்லை. பந்தைத் தொடுவதற்கு முன்பே கிடைத்த நன்மை இது.

அடுத்தது பயணமும் தட்பவெப்பமும். 1930-இல் ஐரோப்பாவிலிருந்து உருகுவேக்குச் செல்லக் கப்பலில் இரண்டு வாரம் ஆயிற்று. நான்கே ஐரோப்பிய நாடுகள் சென்றன. அன்று அது பெரிய வேறுபாடு. விமானக் காலத்தில் அது சுருங்கிவிட்டது. தென்னாப்பிரிக்காவில் சிலர் இன்னொன்றை எதிர்பார்த்தனர். ஜோகன்னஸ்பர்க் நகரம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிந்திருக்கும். பழக்கமில்லாதவர்க்கு மூச்சு வாங்கும். பந்தும் சற்று விரைந்து பறக்கும். நல்ல வாதம்தான். ஆனால் அங்கே முதல் ஆட்டத்தில் எதிரே நின்றவர் யார்? மெக்ஸிகோ நாட்டினர். அவர்களுடைய தலைநகரம் 2,200 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருப்பது! மலைவாசியிடம் மேட்டைக் காட்டி மிரட்டிய கதை.

இனி ஆரவாரத்துக்கு வருவோம். கூச்சல் பந்தைக் கோலுக்குள் தள்ளுவதில்லை. ஆனால் அது மனிதர்களின் மனத்தைத் தொடுகிறது, நடுவரின் மனத்தையும் சேர்த்து. இதற்கு எதிர்பாராத சான்று ஒன்று பின்னாளில் கிடைத்தது. 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில் ஐரோப்பியக் கழகங்கள் ஆளற்ற அரங்குகளில் ஆட நேர்ந்தது. அப்போது சொந்த ஊர் அணிகளின் வெற்றி விகிதம் குறைந்தது. வெளியூர் அணிகளுக்கு எதிராக நடுவர்கள் மஞ்சள் அட்டை காட்டுவதும் குறைந்தது. நடுவர்கள் நேர்மையற்றவர்கள் என்பது இதன் பொருளன்று. பல்லாயிரம் பேர் ஒரே குரலில் ‘தவறு!’ என்று கூவும்போது, ஐயத்துக்கு இடமான ஒரு நொடியில் எந்த மனிதனின் கையும் சட்டைப் பையை நோக்கிச் செல்லக்கூடும். எங்கள் வட்டாரத்துப் பள்ளிப் போட்டிகளிலும், போட்டியை நடத்தும் பள்ளியின் உணவை உண்டுவிட்டு அப்பள்ளிக்கு எதிராக ஊதல் ஊத நடுவர்கள் சற்றுக் கூச்சப்பட்டதை நான் கண்டிருக்கிறேன்.

ஆனால் அதே கூட்டம் சுமையாகவும் மாறும். 1950 ஜூலை 16 அன்று, ரியோ நகரத்து மரக்கானா அரங்கில் 1,70,000-க்கும் மேற்பட்டோர் திரண்டிருந்தனர். உருகுவேயோடு சமன் செய்தாலே பிரேஸிலுக்குக் கோப்பை என்ற நிலை. அதற்கு முந்தைய இரு ஆட்டங்களில் சுவீடனை 7-1 என்றும், ஸ்பெயினை 6-1 என்றும் வென்றிருந்தது பிரேஸில். அன்றும் முதல் கோலை அதுவே போட்டது. பின்னர் உருகுவே இரண்டு கோல் போட்டு வென்றது. அரங்கம் அடங்கிப்போயிற்று. இரண்டாவது கோலை விட்டுவிட்ட கோல்காவலர் மோசிர் பார்போசா, 2000-ஆம் ஆண்டில் இறக்கும்வரை அந்தப் பழியைச் சுமந்தார். ஒரு பந்து கைக்கும் கம்பத்துக்கும் இடையே நுழைந்ததற்கு ஐம்பது ஆண்டுத் தண்டனை! வாய்ப்பை மிகையாக மதிப்பிடுவது தீங்கற்ற பொழுதுபோக்கு என்று எண்ணுகிறவர்கள் அந்த மனிதரை நினைத்துக்கொள்ள வேண்டும். ‘நிச்சயம் வெல்வோம்’ என்று ஒரு நாடே தீர்மானித்துவிட்டால், தோல்வி என்பது விளையாட்டில் நேரும் ஒரு முடிவாக இல்லாமல், யாரோ ஒருவர் செய்த குற்றமாகிவிடுகிறது.

தென்னாப்பிரிக்காவில் அத்தகைய எதிர்பார்ப்பு எழக் காரணமும் இருந்தது. இனவொதுக்கல் கொள்கையால் அந்நாடு உலகக் கால்பந்துச் சம்மேளனமாகிய ஃபிஃபாவிலிருந்து 1960-களில் தள்ளிவைக்கப்பட்டு, 1976-இல் வெளியேற்றப்பட்டது. அங்கே கால்பந்தாட்டம் கறுப்பின மக்களின் விளையாட்டு. ராபன் தீவுச் சிறையில் அடைபட்டிருந்த அரசியல் கைதிகள், 1960-களில் ‘மக்கானா கால்பந்துச் சங்கம்’ என்று ஒன்றை அமைத்து, ஃபிஃபாவின் விதிகளையே பின்பற்றிப் போட்டிகள் நடத்தினர். நாட்டை உலகம் ஒதுக்கியிருந்தது. நாடு அவர்களை ஒதுக்கியிருந்தது. அவர்களோ உலகத்தின் விதிப்படியே ஆடினார்கள்! 1992-இல் தென்னாப்பிரிக்கா மீண்டும் சேர்க்கப்பட்டது. திரும்பிவந்த முதல் ஆட்டம் டர்பன் நகரில் நிகழ்ந்தது. 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழர்களின் வழித்தோன்றல்கள் வாழும் நகரம் அது. கேமரூனை 1-0 என்று வென்றார்கள்.

பிறகு இரண்டு வெற்றிகள் அடுத்தடுத்து வந்தன. 1995-இல் ரக்பி உலகக் கோப்பையைத் தன் மண்ணில் நடத்தி வென்றது தென்னாப்பிரிக்கா. 1996-இல் ஆப்பிரிக்க நாடுகளின் கால்பந்துக் கோப்பையையும் தன் மண்ணில் நடத்தி, இறுதியில் டுனீசியாவை 2-0 என்று வென்றது. நெல்சன் மண்டேலா மேடையில் நிற்க, ஒரு புதிய நாடு தன்னைத்தானே கண்டுகொண்ட நாள்கள் அவை. ‘நம் மண்ணில் நாம் தோற்பதில்லை’ என்ற நம்பிக்கை அங்கே வேரூன்றியது. 2004-இல் ஃபிஃபாவின் வாக்கெடுப்பில் 14 வாக்குப் பெற்று, மொரோக்கோவை 10 வாக்கில் நிறுத்தி, ஆப்பிரிக்காவின் முதல் உலகக் கோப்பையை நடத்தும் உரிமையை அந்நாடு பெற்றபோது, அந்த நம்பிக்கை மேலும் தழைத்தது.

இந்நம்பிக்கையை ஒருபுறம் வைத்துவிட்டு, அணியின் உண்மை வலிமையைப் பார்ப்போம். போட்டிக்கு முன் உலகத் தரவரிசையில் தென்னாப்பிரிக்காவின் இடம் 83. பிரிவில் உடனிருந்த மெக்ஸிகோ, உருகுவே, பிரான்சு மூன்றும் முதல் இருபதுக்குள் இருந்தவை. தரவரிசையை அப்படியே நம்பலாமா என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. நடத்தும் நாடு தகுதி காண் ஆட்டங்கள் ஆட வேண்டியதில்லை. நட்புமுறை ஆட்டங்களே அதற்கு மிகுதி. அந்நாளைய கணக்கு முறையில் ஒரு தகுதி காண் ஆட்டத்துக்கு, நட்புமுறை ஆட்டத்தைப் போல இரண்டரை மடங்கு மதிப்பு. ஆகவே நடத்தும் நாட்டின் இடம், அதன் உண்மைத் தரத்தைவிடத் தாழ்ந்து காட்டுவது வழக்கம். 2018-இல் ரஷ்யா 70-ஆம் இடத்தில், வந்திருந்த 32 அணிகளுள் கடைசியாக நின்றது. ஆயினும் ஸ்பெயினை வீழ்த்திக் கால் இறுதிவரை சென்றது.

ஆனால் இந்தச் சலுகையைத் தென்னாப்பிரிக்காவுக்கு முழுமையாக அளிக்க முடியாது. 2008-இல் அந்நாடு தகுதி காண் ஆட்டங்களில் ஆடவே செய்தது; ஏனெனில் அவையே 2010-ஆம் ஆண்டு ஆப்பிரிக்கக் கோப்பைக்கும் தேர்வாக அமைந்திருந்தன. அவற்றில் நைஜீரியாவிடம் அந்நாட்டிலும் தோற்றது, தன் சொந்த மண்ணிலும் தோற்றது. சியரா லியோனிடமும் ஒருமுறை தோற்றது. ஆப்பிரிக்கக் கோப்பைக்கே தகுதி பெறவில்லை. சொந்த மண்ணின் மந்திரம் நைஜீரியாவின் முன் பலிக்கவில்லை என்பதை, 1995-ஐயும் 1996-ஐயும் மட்டும் நினைத்திருந்தோர் மறந்துவிட்டனர்.

மறுதட்டில் வைப்பதற்கும் சரக்கு உண்டு. 2009-இல் அதே நாட்டில் நடந்த கூட்டமைப்புக் கோப்பைப் போட்டியில், அரை இறுதியில் பிரேஸிலை 88-ஆம் நிமிடம்வரை தடுத்து நிறுத்தி, ஒரே கோலில் தோற்றது. பிரேஸிலுக்கு 1994-இல் கோப்பை வாங்கித் தந்த பயிற்சியாளர் கார்லோஸ் ஆல்பெர்ட்டோ பரைரா மீண்டும் பொறுப்பேற்றார். ஆட்டக்காரருள் பெரும்பாலோர் உள்நாட்டுக் கழகங்களைச் சேர்ந்தவர்களாதலால், அவர்களைப் பிரேஸிலுக்கும் ஜெர்மனிக்கும் அழைத்துச் சென்று நெடும்பயிற்சி அளிக்க முடிந்தது. 2010-இல் போட்டி தொடங்கும்வரை அணி ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. ஜூன் 5 அன்று டென்மார்க்கையும் 1-0 என்று வென்றது. நட்புமுறை ஆட்டங்களில் எதிரி முழு மூச்சுடன் ஆடுவதில்லை என்பதை மனத்திற்கொண்டு, இந்தச் சரக்கின் எடையைப் பாதியாகக் குறைத்துக்கொள்வது நலம்.

இப்போது தீர்ப்பெழுதலாம். நான்கு அணிகளுள் இரண்டு முன்னேறும். நால்வரும் சமமாயின் ஒவ்வொருவருக்கும் பாதி வாய்ப்பு. தென்னாப்பிரிக்கா நால்வருள் மெலிந்தது. ஆகவே பாதிக்கும் கீழே இறக்க வேண்டும். சொந்த மண் ஒரு படி உயர்த்துகிறது. ஆகவே மீண்டும் பாதியை ஒட்டி ஏற்ற வேண்டும். முதற் சுற்றைக் கடப்பது ஏறக்குறையப் பாதிக்குப் பாதி; அதற்கு மேல் ஓர் ஆட்டம் வென்றால் வியப்பு; கோப்பை என்பது பேச்சுக்கும் இடமில்லாதது. ஊதுகுழல்களின் ஓசைக்கு நடுவே அமைதியாகக் கணக்கிட்டிருந்தால் கிடைத்திருக்கும் விடை இதுவே.

நடந்தது என்ன? ஜூன் 11 அன்று ஜோகன்னஸ்பர்க்கில், 55-ஆம் நிமிடத்தில் ஷபலாலா இடது காலால் உதைத்த பந்து வலையின் மேல் மூலையில் புகுந்தது. 79-ஆம் நிமிடத்தில் மெக்ஸிகோவின் மார்க்கெஸ் சமன் செய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் தென்னாப்பிரிக்காவின் ம்பேலா உதைத்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஜூன் 16 அன்று பிரிட்டோரியாவில் உருகுவேயிடம் 0-3 என்று தோல்வி. அந்நாட்டில் அது இளைஞர் நாள். 1976-இல் சொவேட்டோ நகர மாணவர்கள், ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் பாடம் திணிக்கப்பட்டதை எதிர்த்து ஊர்வலம் சென்று குண்டுக்கு இரையான நாள். அந்நாளில் இப்படியொரு தோல்வி வந்தது அவர்களுக்குப் பெருந்துயர். 76-ஆம் நிமிடத்தில் கோல்காவலர் கூனே சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். அதன் பிறகே இரண்டு கோல்கள் விழுந்தன.

ஜூன் 22 அன்று புளூம்பான்டெயினில் பிரான்சோடு கடைசி ஆட்டம். அதே வேளையில் மற்றோர் ஊரில் மெக்ஸிகோவும் உருகுவேயும் ஆடின. இடைவேளையின்போது தென்னாப்பிரிக்கா 2-0 என்று முன்னின்றது. பிரான்சு ஓர் ஆளை இழந்து பத்துப் பேரோடு ஆடியது. அங்கே உருகுவே 1-0 என்று முன்னின்றது. இப்போது தாளும் எழுதுகோலும் எடுங்கள். இந்நிலையில் இங்கே இன்னும் இரண்டு கோல் வேண்டும். அல்லது இங்கே ஒன்றும் அங்கே உருகுவேக்கு ஒன்றும் வேண்டும். எது நேர்ந்தாலும், கோல் வேறுபாட்டில் மெக்ஸிகோவோடு சமமாகி, போட்ட கோல்களின் எண்ணிக்கையில் தென்னாப்பிரிக்கா முந்திவிடும். போட்டுப் பாருங்கள். நாற்பத்தைந்து நிமிடம் கையில் இருந்தது. ஆனால் 70-ஆம் நிமிடத்தில் பிரான்சு ஒரு கோல் போட்டது. ஆட்டம் 2-1 என்று முடிந்தது. இரு நாடுகளுக்கும் தலைக்கு 4 புள்ளி. மெக்ஸிகோவின் கோல் வேறுபாடு +1, தென்னாப்பிரிக்காவுடையது -2.

உருகுவேயிடம் கடைசியில் விழுந்த அந்த இரண்டு கோல்களும், பிரான்சு போட்ட ஒன்றும் இல்லாதிருந்தால் என்னவாகும் என்றும் கணக்கிடலாம். போட்ட கோல் 3, வாங்கிய கோல் 2 என்று இரு நாடுகளும் இம்மியும் பிசகாமல் சமமாகும். தம்முள் ஆடிய ஆட்டமும் சமன். எனவே சீட்டுக் குலுக்கித்தான் தீர்க்க வேண்டியிருக்கும். நம் ‘பாதிக்குப் பாதி’ என்ற மதிப்பீடு எத்தனை அருகில் இருந்தது என்பதற்கு இது ஓர் அடையாளம்.

நடத்தும் நாடு முதற் சுற்றிலேயே வெளியேறியது அதுவே முதல் முறை. ‘அப்படியானால் உங்கள் அளவுகோல் பொய்த்தது’ என்று ஒரு மாணவர் எழுந்து கேட்கக்கூடும். நாணயத்தைச் சுண்டித் ‘தலை’ விழப் பாதி வாய்ப்பு என்று சொன்ன பின் ‘பூ’ விழுந்தால், சொன்னது பொய்யாகிவிடுமா? பதினெட்டு முறை நேராதது பத்தொன்பதாவது முறையும் நேராது என்று நம்பியவர்களின் விதியே பொய்த்தது. 2014-இல் பிரேஸில் தன் மண்ணில் ஜெர்மனியிடம் 1-7 என்று நொறுங்கியது. 2022-இல் கத்தார் நாடு பொருளும் பயிற்சியும் குறைவின்றி இருந்தும், 2019-இல் ஆசியக் கோப்பையை வென்றிருந்தும், ஆடிய மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. தென்னாப்பிரிக்காவோ ஒன்றில் வென்று, ஒன்றில் சமன் செய்து, முன்னாள் உலக வாகையரான பிரான்சை வீழ்த்திவிட்டு வெளியேறியது. முதற் சுற்றில் வெளியேறிய நாடுகள் என்று இவ்விரண்டையும் ஒரே வரியில் எழுதுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

2026-ஆம் ஆண்டுப் போட்டிக்கு விதிகள் மாற்றி வகுக்கப்பட்டன. அமெரிக்க ஐக்கிய நாடுகள், கனடா, மெக்ஸிகோ ஆகிய மூன்று நாடுகள் சேர்ந்து நடத்தும் ஏற்பாடு, அணிகள் 48, பிரிவுகள் 12. ஒவ்வொரு பிரிவிலும் முதல் இருவரோடு, மூன்றாமிடம் பெற்றவர்களுள் சிறந்த எண்மரும் முன்னேறலாம் என்பது விதி. முதற் சுற்றைக் கடத்தல் என்பது 2010-இல் 32-இல் 16 பேருக்குக் கிட்டிய பேறு. இந்த விதியிலோ 48-இல் 32 பேருக்குக் கிட்டும். ஆகவே பழைய நாடுகளோடு இவற்றை ஒப்பிடுபவர்கள் அளவுகோலைத் திருத்திக்கொண்டே ஒப்பிட வேண்டும். 4 புள்ளியோடு மூன்றாமிடத்தில் நின்ற 2010-ஆம் ஆண்டுத் தென்னாப்பிரிக்கா, இந்த விதியின்கீழ் அநேகமாகத் தப்பியிருக்கும். அந்தப் போட்டியின் தொடக்க ஆட்டத்துக்கு, ஜூன் 11 என்ற அதே நாளில், இம்முறை மெக்ஸிகோவின் சொந்த மண்ணில், மெக்ஸிகோவுக்கு எதிராகக் குலுக்கலில் வந்து அமைந்த பெயர் தென்னாப்பிரிக்கா.